இடுப்பில் வைத்த பந்து என்ன சைஸ், அதிலிருந்து உலோகம் கசிகிறதா: நீங்களே கண்டுபிடிப்பது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்ட பெரியவர்களிடம் என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால் "இரும்பு வச்சிருக்கு தம்பி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எந்த வார்டு, பக்கத்துக் கட்டிலில் யார், எந்த மிஸ்ஸி (நர்ஸ்) நல்லவர் எல்லாம் ஞாபகம் இருக்கும். உள்ளே இருப்பது எந்தச் சாமான், எத்தனை மில்லிமீட்டர் என்று மட்டும் தெரியாது. அதற்கு அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை.

ஆனால் அந்த எண் முக்கியம். சில வகை மூட்டுகளில் கோபால்ட், குரோமியம் ஆகிய உலோகங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து சுற்றியுள்ள சதையிலும் ரத்தத்திலும் கலக்கின்றன. எவ்வளவு கலக்கும் என்பது பந்தின் அளவையும், அது எதன் மேல் உரசுகிறது என்பதையும் பொறுத்தது. இரண்டும் சேர்ந்துதான் பதில் தரும். பந்து 46 என்று மட்டும் தெரிந்து பயப்படுவதும் வீண், 28 என்று தெரிந்து நிம்மதியாகத் தூங்குவதும் முழுக்கச் சரியில்லை.

முதலில், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டு ஒன்று, பெரும்பாலும் டைட்டானியம். தண்டின் கூம்பு முனையில் மாட்டிய பந்து, இது கோபால்ட்-குரோம் உலோகமாகவோ செராமிக்காகவோ இருக்கும். இடுப்பெலும்பில் பதித்த கப், அந்தக் கப்புக்குள் ஓர் உள்ளுறை. இன்றைக்குப் பெரும்பாலானவர்களுக்கு அந்த உள்ளுறை பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். 1960களில் இங்கிலாந்தில் சார்ன்லி என்ற டாக்டர் வைத்த பந்து 22 மில்லிமீட்டர்தான். இப்போது சாதாரணமாக 28, 32, 36 வைக்கிறார்கள். கப்புக்கும் தனியாக ஓர் அளவு உண்டு, 50, 52, 54 என்று. அது கப்பின் வெளி விட்டம், அதைப் பந்தின் அளவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காகிதத்தைப் பார்த்து நிறைய பேர் குழம்புவது இந்த இடத்தில்தான்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? முழு மூட்டா, பாதி மூட்டா என்று பிரிப்பதில் இருந்து.

பாத்ரூமில் வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்த பாட்டிகளுக்குப் பெரும்பாலும் வைப்பது பாதி மூட்டு. கப் இருக்காது, அல்லது பந்துக்கு மேலேயே இன்னொரு பெரிய ஓடு இருக்கும், அது அவர்களுடைய சொந்தக் குருத்தெலும்பின் மேல் உரசும். இந்த வகையில் பந்தின் அளவு 42, 44, 46 என்றெல்லாம் பெரிதாகவே இருக்கும், ஏனென்றால் சொந்த எலும்பின் குழியை அது நிரப்ப வேண்டும். காகிதத்தில் 46 என்று பார்த்துவிட்டு, பெரிய பந்து ஆபத்தானது என்று எங்கேயோ படித்ததையும் சேர்த்துப் பேத்தி பயந்துபோவாள். தேவையில்லை. உலோகமும் உலோகமும் உரசினால் வரும் பிரச்சினை பாதி மூட்டுக்குப் பொருந்தாது. அவர்களுக்கு வேறு தொல்லைகள் வரலாம், குருத்தெலும்பு தேய்ந்து வலிப்பது மாதிரி, அது வேறு கதை.

மூட்டுத் தேய்மானத்துக்காகவோ, பந்து எலும்புக்கு ரத்த ஓட்டம் நின்றுபோனதாலோ ஆபரேஷன் செய்திருந்தால் பெரும்பாலும் முழு மூட்டு. அப்புறம் மூன்றாவதாக ஒரு வகை உண்டு. தொடை எலும்பின் தலையை வெட்டி எடுக்காமல், சீவி, மேலே உலோகத் தொப்பி மாட்டி, உலோகக் கப்பில் உரச விடுவது. வயது குறைந்த, உடம்பால் உழைக்கும் ஆண்களுக்கு என்று 2000களில் இது பல நாடுகளில் பெயர் வாங்கியது. இதில் தண்டே இருக்காது, சுற்றிலும் உலோகம் மட்டும்தான்.

இனி காகிதம். ஆபரேஷன் அறையில் ஒவ்வொரு சாமானின் பெட்டியிலும் சின்னச் சின்ன ஸ்டிக்கர்கள் இருக்கும். அவற்றை உரித்து ஆபரேஷன் குறிப்பில் ஒட்டுவார்கள். உங்களுக்கு வேண்டியது அந்தப் பக்கத்தின் நகல். டிஸ்சார்ஜ் ஆகும்போது தரும் காகிதத்தில் வெறுமனே இடுப்பு மாற்று ஆபரேஷன் என்று மட்டும்தான் இருக்கும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஆபரேஷன் எங்கே நடந்ததோ அங்கே போக வேண்டும், நம் ஊர்க்காரர்கள் பலருக்கு அது ஈப்போ. யூனிட் ரெக்கோர்ட் பெருபாத்தான் (மருத்துவப் பதிவுப் பிரிவு) கவுண்டரில் ஐசியை, அதாவது அடையாள அட்டையைக் கொடுத்து இப்படிக் கேளுங்கள்: "சாயா மாவு சாலினான் லாப்போரான் பெம்பெடாஹான், டெங்ஙான் ஸ்டிக்கர் இம்பிளான் செக்காலி" (ஆபரேஷன் குறிப்பின் நகல் வேண்டும், உள்ளே வைத்த சாமானின் ஸ்டிக்கரோடு சேர்த்து). கடைசியில் வரும் அந்த ஸ்டிக்கர் விஷயத்தை விட்டுவிட்டால் டைப் அடித்த ஒரு பக்கச் சுருக்கம்தான் வரும், இன்னொரு தடவை பஸ் ஏற வேண்டியிருக்கும். அம்மாவுக்காகப் பிள்ளைகள் போனால் அம்மாவின் கையெழுத்தோடு ஒரு அனுமதிக் கடிதமும் இரண்டு பேருடைய ஐசி நகலும் கையில் இருக்கட்டும். கட்டணம் கேட்பார்கள், நாளும் ஆகும். பழைய ஃபைல்களை ஆஸ்பத்திரிகள் காலம் பூரா வைத்திருப்பதில்லை என்பதால் பத்து, பதினைந்து வருடத்துக்கு முந்தைய ஆபரேஷன் என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

ஸ்டிக்கர் கையில் வந்ததும் பயப்படாமல் பாருங்கள். நெருப்புப் பெட்டி அளவில் நாலைந்து ஒட்டியிருக்கும், ஒவ்வொன்றிலும் கம்பெனி பெயர், பார்கோடு, ஆர்.இ.எஃப். என்று ஓர் எண், எல்.ஓ.டி. என்று ஓர் எண். இந்த இரண்டு எண்களும் பின்னால் கம்பெனி ஏதாவது சரக்கைத் திரும்பப் பெற்றால் உதவும், அதனால் தெளிவாகப் போட்டோ எடுத்து வையுங்கள். 'ஹெட்' என்று இருக்கும் ஸ்டிக்கரைத் தேடுங்கள். அதில் 32 அல்லது 36 மில்லிமீட்டர் என்று இருக்கும், பக்கத்தில் பிளஸ் 4, மைனஸ் 3 மாதிரி ஒன்று இருக்கும் (அது கால் நீளத்தைச் சரிசெய்ய, நம் விஷயத்துக்கு வேண்டாம்), 12/14 என்று இருந்தால் அது கூம்பு முனையின் அளவு. பொருள் என்ன என்று பார்க்க சி-ஓ-சி-ஆர் என்ற எழுத்துகள் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் கோபால்ட்-குரோம். 'செராமிக்' என்றோ 'பயோலாக்ஸ் டெல்டா' என்றோ இருந்தால் செராமிக். பிறகு 'லைனர்' அல்லது 'இன்சர்ட்' ஸ்டிக்கர். அதில் 'பாலிஎத்திலீன்' அல்லது 'எக்ஸ்-எல்-பி-இ' என்று இருந்தால் பிளாஸ்டிக். லைனர் ஸ்டிக்கரே இல்லை, ஹெட்டும் கப்பும் இரண்டுமே கோபால்ட்-குரோம், பந்தும் 36 அல்லது அதற்கு மேல் என்றால் உலோகத்தின் மேல் உலோகமாக இருக்க வாய்ப்பு அதிகம், அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஓர்த்தோ டாக்டரிடம் போய் உறுதி செய்துகொள்ளுங்கள்.

காகிதமே கிடைக்கவில்லையா? எக்ஸ்ரே இருக்கிறது. பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் வெள்ளையாக விழாது. அதனால் உலோகப் பந்துக்கும் கப்பின் வெள்ளை ஓட்டுக்கும் நடுவில் பிறை மாதிரி ஒரு கறுப்பு இடைவெளி தெரிந்தால் அங்கே பிளாஸ்டிக் உள்ளுறை இருக்கிறது என்று அர்த்தம். அந்த இடைவெளியே இல்லாமல் பந்தும் கப்பும் ஒரே வெள்ளைக் கட்டியாக ஒட்டித் தெரிந்தால், அங்கே உலோகத்தின் மேல் உலோகமோ என்று சந்தேகப்பட வேண்டும். இதை வைத்து நீங்களே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள், ஆனால் டாக்டரிடம் "நடுவில் இடைவெளி தெரியவில்லையே" என்று கேட்கலாம், நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருவோம், அளவு ஏன் கசிவை மாற்றுகிறது? இதில் வேடிக்கை என்னவென்றால் ஒரு வகை மூட்டில் சின்னப் பந்து மோசம், இன்னொரு வகையில் பெரிய பந்து மோசம்.

தொப்பி மாட்டும் வகையில், அதாவது தண்டு இல்லாததில், சின்ன அளவுதான் தொல்லை. கப்பின் வளைவு பந்தை மூடும் பரப்பு சின்ன சைஸ்களில் குறைவு, அதனால் நடக்கும்போது உரசும் இடம் கப்பின் விளிம்பை நோக்கித் தள்ளிப்போகிறது. விளிம்பில் உரசினால் நடுவில் மெல்லிய நீர்ப்படலம் நிற்காது, உலோகம் உலோகத்தை நேராகச் சுரண்டும். கப்பைக் கொஞ்சம் செங்குத்தாக வைத்துவிட்டால் இன்னும் மோசம். பெண்களின் எலும்பு சின்னது என்பதால் சின்ன சைஸ் அவர்களுக்குத்தான் அதிகம் போனது, கஷ்டமும் அவர்களுக்குத்தான் அதிகம் வந்தது. 1997இல் வந்த பர்மிங்காம் வகை இதில் பேர் போனது. அதற்கே 2015இல் அதன் கம்பெனி 46 மில்லிமீட்டரும் அதற்குக் குறைந்த அளவுகளும் வேண்டாம், பெண்களுக்கு வைக்க வேண்டாம் என்று நிறுத்திவிட்டது.

தண்டு உள்ள வகையில் கதை தலைகீழ். பந்து பெரிதாக ஆக, உரசலின் முறுக்குவிசை கூடும். அந்த முறுக்கு எங்கே போய் விழும்? தண்டும் பந்தும் சேரும் கூம்பு முனையில். கண்ணுக்குத் தெரியாத அசைவு, ஆனால் ஒவ்வொரு அடியிலும். உலோகத்தின் மேல் உள்ள பாதுகாப்புப் படலம் உரிந்துகொண்டே இருக்கும், அந்த இடுக்குக்குள் உடம்புத் திரவம் தேங்கி அரிக்கும். நம் மோட்டார் சைக்கிளில் சரியாக இறுகாத போல்ட்டின் மரைகளுக்குள் துரு பிடிப்பதைப் பார்த்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அந்தச் சங்கதிதான். இப்படி வரும் கசிவில் குரோமியத்தைவிடக் கோபால்ட் தூக்கலாக இருக்கும், ரத்தப் பரிசோதனை முடிவைப் படிக்கும்போது இது உதவும். பிளாஸ்டிக் உள்ளுறை இருந்தாலும், பந்து கோபால்ட்-குரோமாக இருந்தால் கூம்பு முனையில் இந்த அரிப்பு வரலாம். 36, 40, 44 மில்லிமீட்டர் உலோகப் பந்துகளில் ஒரு பிரபல வகையை 2016இல் திரும்பப் பெற்றதும் கூம்பு முனைக் கோளாறால்தான். பந்து செராமிக்காக இருந்தால் இந்தக் கவலை மிகவும் குறைவு.

இந்த இரண்டு கோளாறும் ஒரே பெயரில் சேர்ந்து மாட்டியது டிபியூ கம்பெனியின் ஏ.எஸ்.ஆர். வகையில். கப் ஆழம் குறைவு, தண்டு உள்ள வடிவத்தில் பந்து பெரிது. ஆஸ்திரேலியாவில் 2009 முடிவிலேயே விற்பனை நின்றது, 2010 ஆகஸ்ட்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் ஏறக்குறைய 93,000 பேருக்கு வைத்தாயிற்று. ஐந்து வருடத்துக்குள் மறு ஆபரேஷன் தேவைப்பட்டவர்கள் தொப்பி வகையில் 12 சதவீதம், தண்டு வகையில் 13 சதவீதம் என்று இங்கிலாந்தின் மூட்டு மாற்று ஆபரேஷன் பதிவேடு காட்டியது. அதற்குப் பிறகு உலோகத்தின் மேல் உலோகம் வைப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது, ஆகவே 2012க்குப் பிறகு ஆபரேஷன் செய்துகொண்ட பலருக்கு இந்தக் கவலை வராது. அதற்கு முந்தைய பத்து வருடத்தில் செய்தவர்கள்தான் காகிதத்தைத் தேட வேண்டும்.

யார் எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொள்வது? பிரிட்டன் 2017இல் வெளியிட்ட வழிகாட்டலை நான் பின்பற்றத் தகுந்ததாக நினைக்கிறேன். தண்டோடு 36 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உலோகத்தின் மேல் உலோகம் இருப்பவர்கள், தொப்பி வகை வைத்த பெண்கள் எல்லாரும், தொப்பி வகையில் 48 அல்லது அதற்குக் குறைந்த பந்து உள்ள ஆண்கள், இவர்கள் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை, மூட்டு உள்ளே இருக்கும் காலம் முழுக்க. வலி இல்லையே எதற்குப் போக வேண்டும் என்று அண்ணன்மார்கள் கேட்பார்கள். வலி வருவதற்கு முன்பே உள்ளே சதை கெட்டுப்போவது உண்டு, அதற்குத்தான்.

இன்னொரு கூட்டம், எண்ணிக்கையில் சின்னது ஆனால் அவசரம் அதிகம்: முதலில் வைத்த செராமிக் பந்து உடைந்துபோய், மறு ஆபரேஷனில் உலோகப் பந்து வைத்தவர்கள். உள்ளே தங்கிவிட்ட செராமிக் துணுக்குகள் அந்த உலோகத்தை அரைத்துத் தள்ளிவிடும். ரத்தத்தில் கோபால்ட் பயங்கரமாக ஏறி இதயமும் காதும் கண்ணும் பாதித்த கேஸ்கள் இப்படித்தான் வந்திருக்கின்றன. அப்படி யாராவது வீட்டில் இருந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம்.

ரத்தப் பரிசோதனைக்குப் போகும் முன் சில விஷயங்கள். இது சாதாரண ரத்தம் எடுப்பது மாதிரி இல்லை. ஊசியே ஸ்டீல், அதிலேயே குரோமியம் இருக்கிறது, ஆகவே பிளாஸ்டிக் குழாய் உள்ள கேனுலா போட்டு, முதலில் வரும் ரத்தத்தைத் தனியாக எடுத்துவிட்டு, அடுத்து வருவதைக் கடும் நீல மூடி போட்ட உலோகப் பரிசோதனைக் குழாயில் எடுக்க வேண்டும். சிவப்பு மூடியையோ ஊதா மூடியையோ கையில் எடுத்தால் "மிஸ்ஸி, இது கோபால்ட் குரோமியம் பார்க்கிறதுக்கு, நீல மூடி வேணும்ல?" என்று மரியாதையாகக் கேளுங்கள். எல்லா லேபிலும் இதைச் செய்வதில்லை, வெளியே அனுப்புவார்கள், முடிவு வர நாளாகும்.

சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்டுங்கள், ஆஸ்பத்திரி மாத்திரையை மட்டுமல்ல. இனிப்பு நீருக்கு நல்லது என்று நேரடி விற்பனைக்காரர்கள் வீட்டுக்கு வந்து கொடுத்துவிட்டுப் போகும் டப்பாக்களில் குரோமியம் கலந்தவை உண்டு. அதைத் தின்றுவிட்டு ரத்தம் கொடுத்தால் குரோமியம் ஏறித்தான் காட்டும், மூட்டின் மேல் பழி விழும். அதைவிட முக்கியம் சிறுநீரகம். கோபால்ட் உடம்பை விட்டு வெளியேறுவது பெரும்பாலும் சிறுநீர் வழியாகத்தான். நம் ஆட்களில் இனிப்பு நீரால் சிறுநீரகம் பழுதானவர்கள் எத்தனை பேர் என்று நான் சொல்லத் தேவையில்லை, டயாலிசிஸ் சென்டர் வாசலில் நின்று பார்த்தாலே போதும். சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு மூட்டில் கசிவு கொஞ்சமாக இருந்தாலும் ரத்தத்தில் எண் ஏறிக்கொண்டே போகலாம், ஆகவே சிறுநீரக ரிப்போர்ட்டையும் கூடவே கொண்டுபோங்கள்.

முடிவு வந்ததும் முதலில் அலகைப் பாருங்கள். லிட்டருக்கு மைக்ரோகிராம் என்றோ பிபிபி என்றோ இருந்தால் இரண்டும் ஒன்றுதான், அதில் 7 என்பது பிரிட்டனின் எச்சரிக்கைக் கோடு. நானோமோல் கணக்கில் வந்திருந்தால் அதே கோடு கோபால்டுக்கு 119, குரோமியத்துக்கு 134.5. நானோமோலில் 60 என்று பார்த்துவிட்டு 7ஐத் தாண்டிப்போச்சே என்று அழுதால் என்ன செய்வது, அலகை முதலில் பாருங்கள் என்பது இதற்காகத்தான். செயற்கை மூட்டே இல்லாத ஒருவருக்கு இந்த எண்கள் வழக்கமாக 1 மைக்ரோகிராமுக்கும் கீழே இருக்கும்.

7ஐத் தாண்டினால் உடனே கத்தி வைப்பார்கள் என்று அர்த்தம் இல்லை, ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். 7க்குக் கீழே இருந்தால் விட்டுவிடலாம் என்றும் இல்லை. பிளாஸ்டிக் உள்ளுறை உள்ளவர்களுக்கு உள்ளே உலோகம் உரச வேண்டிய இடமே இல்லை, அப்படியிருக்க கோபால்ட் 1ஐத் தாண்டி, குரோமியத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேலும் இருந்தால் கூம்பு முனையைச் சந்தேகிக்கிறார்கள். இரண்டு பக்கமும் மூட்டு மாற்றியவர்களுக்கு எண் கூடுதலாக இருப்பது இயல்பு. ஒரு தடவை வந்த எண்ணைவிட சில மாதங்கள் கழித்து அது எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் அதிகம் சொல்லும், ஆகவே பழைய முடிவுகளைத் தூக்கிப்போடாதீர்கள், முடிந்தால் அதே லேபில் எடுங்கள்.

ஸ்கேன் என்றால் அல்ட்ராசவுண்ட், அல்லது உலோகத்தின் நிழலைக் குறைத்து எடுக்கும் தனி முறை எம்.ஆர்.ஐ. மூட்டில் உலோகம் இருப்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்கவே கூடாது என்று கோப்பிக் கடையில் சொல்வதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இடுப்பு மூட்டு உள்ளவர்களுக்குப் பொதுவாக எடுக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். அங்கேயும் அந்த ஸ்டிக்கர் நகல்தான் கேட்பார்கள். அவர்கள் தேடுவது மூட்டைச் சுற்றித் திரவம் கட்டியிருக்கிறதா, கட்டி மாதிரி சதை வளர்ந்திருக்கிறதா என்று. அது புற்றுநோய் இல்லை, உலோகத்துக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு, ஆனாலும் விட்டால் தசையைத் தின்றுவிடும்.

சோதனைக்கு முன்பே உடம்பு சொல்லும் அடையாளங்களும் உண்டு: கவட்டையில் வலி, தொடை மேல்பகுதியில் வீக்கம், நன்றாக நடந்துகொண்டிருந்தவர் நொண்டத் தொடங்குவது, மூட்டில் புதிதாகச் சத்தம். காது மந்தம், பார்வை மங்கல், மூச்சு வாங்குவது, விரல் மரத்துப்போவது இதெல்லாம் வயசானால் வருவதுதான் என்று தள்ளிவிடுவோம். வயசும்தான், ஆனால் உலோகத்தின் மேல் உலோகம் இருப்பவர் என்றால் ஒரு தடவை கோபால்ட் பார்த்துவிடலாம். காய்ச்சலோடு மூட்டு வலி வந்தால் இது எதுவும் இல்லை, கிருமித் தொற்றாக இருக்கலாம், அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போங்கள்.

கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்க கிளினிக்) சூராட் ருஜுக்கான், அதாவது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் கடிதம் கேட்கும்போது "இடுப்பு வலிக்குது" என்று மட்டும் சொன்னால் வலி மாத்திரைதான் கிடைக்கும். எந்த வருடம் ஆபரேஷன், பந்து என்ன அளவு, எதன் மேல் எது உரசுகிறது, எத்தனை நாளாக வலி என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஸ்டிக்கர் நகலோடு நீட்டுங்கள். அங்கே இருக்கும் இளம் டாக்டர் ஆயிரம் நோயாளிக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறார், வேலையை அவருக்குச் சுலபமாக்கினால் கடிதம் சீக்கிரம் வரும்.

இனிமேல்தான் ஆபரேஷன் என்பவர்களுக்கும் ஒன்று. அரசாங்க ஆஸ்பத்திரியில் செய்தாலும் சாமானுக்கான காசைக் குடும்பம் கட்ட வேண்டி வருவது உண்டு. முடியாதவர்கள் ஆஸ்பத்திரியின் கெர்ஜா சோசியல் பெருபாத்தான் (மருத்துவ சமூகப் பணி) பிரிவைக் கேட்டால் உதவி நிதிக்கு விண்ணப்பிக்க வழி சொல்வார்கள். எதற்குக் காசு கட்டுகிறோம் என்று கேட்பது உங்கள் உரிமை. பந்து செராமிக்கா உலோகமா, எத்தனை மில்லிமீட்டர், உள்ளுறை என்ன, இந்த மூன்றும் கேளுங்கள். பெரிய பந்து என்றால் மூட்டு நழுவுவது குறையும், தரையில் உட்கார்ந்து எழுந்து பழகிய நம் ஆட்களுக்கு அது லாபம்தான், ஆகவே டாக்டர் 36 என்று சொன்னால் வேண்டாம் என்று மல்லுக்கு நிற்காதீர்கள், அது செராமிக்கா என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் டிஸ்சார்ஜ் நாளில் மருந்துப் பையை வாங்கும்போதே வார்டு மிஸ்ஸியிடம் ஸ்டிக்கர் பக்கத்தைக் காட்டச் சொல்லி, கைப்பேசியில் படம் பிடித்து, பிள்ளைகள் இருக்கும் வாட்ஸப் குழுவில் போட்டுவிடுங்கள்.